வேப்பங்காப்பு கட்டிய கை

சுருட்டின் எரிகிற முனையை வாய்க்குள் வைத்துப் பிடிப்பது எங்கள் கரிக்கிடங்குப் பெண்களின் வழக்கம். புதிதாகப் பார்க்கிறவர்கள் பயப்படுவார்கள். தலையில் கூடை இருக்கும். இரண்டு கையும் கூடை விளிம்பில் இருக்கும். கடல் காற்று முகத்தில் அடிக்கும். நெருப்பு வெளியே இருந்தால் அணைந்துபோகும், அல்லது பொறி பறந்து சேலையில் விழும். உள்ளே இருந்தால் அந்தக் கவலை இல்லை. நாக்கைக் கொஞ்சம் தாழ்த்திக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். பசி தெரியாது.

ராயபுரத்துக்கும் துறைமுகத்துக்கும் நடுவில் இருந்தது எங்கள் கிடங்கு. கப்பலில் வந்த கரியைக் கூடையில் சுமந்து, பலகை மேல் ஏறி, குவியலின் உச்சியில் கொட்ட வேண்டும். மறுபக்கத்துப் பலகையில் இறங்க வேண்டும். இறங்குகிற இடத்தில் மேஸ்திரி உட்கார்ந்திருப்பார். கையை நீட்டினால் ஒரு கிளிஞ்சல் போடுவார். ஒரு கூடைக்கு ஒரு கிளிஞ்சல். சாயங்காலம் அதைத் திருப்பிக் கொடுத்தால் கூலி. அவர் யார் முகத்தையும் பார்க்க மாட்டார். எல்லார் முகமும் கரிதான். கையைத்தான் பார்ப்பார்.

மத்தியானம் சங்கு ஊதினதும் கள்ளு வரும். கடைக்காரன் ஆள் பானையைக் கிடங்கு வாசலில் இறக்குவான். மேஸ்திரிக்கும் கடைக்காரனுக்கும் உறவு. குடித்தாலும் குடிக்காவிட்டாலும் கூலியில் பிடித்துக்கொள்வார்கள். அதனால் எல்லாரும் குடிப்போம். அதுதான் மத்தியானச் சாப்பாடு. வரிசையில் நின்று, மொந்தையை நீட்டி, ஒரே மூச்சில் குடித்து, கவிழ்த்துக் காட்டிவிட்டு அடுத்தவளிடம் தர வேண்டும். கவிழ்த்துக் காட்டாமல் போனால் ஊற்றுகிறவனை அவமதித்தது போல. அவனும் குனிந்தபடி ஊற்றுவான். அவன் பார்ப்பதும் கைகளை மட்டும்தான்.

கையைப் பற்றி இவ்வளவு சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

எனக்கு முதல் பிள்ளை செத்துப் பிறந்தது. இரண்டாவது உயிரோடு பிறந்தது. பால் குடிக்கத் தெரியவில்லை. வாயில் வைத்தால் அப்படியே விட்டுவிடும். அழவும் தெரியவில்லை. போய்விட்டது. அப்போதெல்லாம் நான் கள்ளும் குடித்தேன், சுருட்டும் பிடித்தேன், கடைசி நாள் வரை கரியும் சுமந்தேன். எங்கள் தெருவில் எல்லாரும் அப்படித்தான். சிலர் பிள்ளை தங்கியது. சிலர் பிள்ளை தங்கவில்லை.

மூன்றாவது உண்டாவதற்குக் கொஞ்சம் முன்னால் பக்கத்துச் சந்துப் பெண் ஒருத்தி பலகையிலிருந்து விழுந்தாள். நிறைமாதம். கள்ளு குடித்துவிட்டு ஏறியிருந்தாள். அவளும் போனாள், வயிற்றில் இருந்ததும் போனது. தெரு முழுக்க அழுதோம். அந்த வாரமே அம்மன் கோயில் வாசலில் பஞ்சாயத்து கூடியது. சங்கத்துப் பையன்கள்தான் கூட்டச் சொன்னவர்கள். படித்த பையன்கள், நல்ல பையன்கள். குடி கூடாது என்று தெருத் தெருவாகப் பேசிக்கொண்டிருந்தவர்கள்.

ஒரு பையன் எழுந்து, வயிற்றில் பிள்ளை இருக்கும்போது தாய் குடிப்பது பிள்ளைக்குக் குடிக்கக் கொடுப்பது மாதிரி என்றான். புகையும் அப்படித்தான் என்றான். எனக்கு இரண்டாவது பிள்ளையின் வாய் ஞாபகம் வந்தது.

நாட்டாமைக்காரர் தீர்ப்புச் சொன்னார். கர்ப்பிணிப் பெண்ணுக்குக் கள்ளு இல்லை, சுருட்டு இல்லை. தெரிந்த உடனே புருஷன் வந்து சொல்ல வேண்டும். ஏழாம் மாதம் வளையல் போடும்போது கட்டுகிற வேப்பங்காப்பை இனிமேல் மூன்றாம் மாதமே கட்டிவிட வேண்டும். வேப்பங்குச்சியைப் பச்சையாக வளைத்துக் கையில் பூட்டுவது அது. ஊற்றுகிறவன் கையைத்தான் பார்க்கிறான், காப்பைக் கண்டால் ஊற்ற மாட்டான் என்றார். அவிழ்க்கிற வீட்டுக்குத் தெருவில் தண்ணீரும் நெருப்பும் கிடையாது.

பெண்கள் கூட்டத்துக்குப் பின்னால் நின்றோம். பேசக்கூடாது. ஆனால் என் ஜோடி பேசினாள். கூடையைத் தலைக்குத் தூக்கிவிட இரண்டு பேர் வேண்டும், எனக்கு அவள், அவளுக்கு நான். என்னைவிட மூத்தவள். யக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

"நைனா, அப்டியே ஆம்பளைங்க கைலயும் ஒண்ணு பூட்டி வுடுங்க. சாய்ந்தரத்துல ஊத்தறவனுக்கு சுளுவா இருக்கும்."

பெண்கள் சிரித்துவிட்டார்கள். ஆண்களிலும் சிலர் சிரித்தார்கள்.

"வயித்துல புள்ளய சொமக்கறது நீயா, நானாம்மே?" என்றார் நாட்டாமைக்காரர்.

"நாந்தான். கரியும் நாந்தான் சொமக்கறேன். ரெண்டையும் சேத்து கேளு நைனா."

அவர் துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார். தீர்ப்பு தீர்ப்புதான்.

சில நாளில் ஒருத்தி காப்போடு வேலைக்கு வந்தாள். கள்ளு ஊற்றுகிறவன் அவள் கையைத் தள்ளிவிட்டான். அது சரியாக நடந்தது. அப்புறம் கூடையைக் கொட்டிவிட்டு இறங்கி மேஸ்திரியிடம் கையை நீட்டினாள். மேஸ்திரியும் காப்பைப் பார்த்தார். முன்பு விழுந்தவளுக்காக அவரைக் கிடங்கு வெள்ளைக்காரத் துரை திட்டியிருந்தார். கிளிஞ்சல் போடாமல், வீட்டுக்குப் போ என்றார்.

கள்ளு ஊற்றுகிறவனின் கண்ணை நினைத்த நாட்டாமைக்காரர் மேஸ்திரியின் கண்ணை நினைக்கவில்லை. யாரும் நினைக்கவில்லை. நாங்களும்தான்.

அப்புறம் எங்கள் தெருவில் யாரும் கர்ப்பமாகவில்லை. அப்படித்தான் வெளியே தெரிந்தது.

அந்த நேரத்தில்தான் எனக்குத் தள்ளிப்போனது.

என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் மூட்டை தூக்கினவர். அடுக்கு சரிந்து இடுப்பில் விழுந்தது. அதிலிருந்து கோலூன்றி வாசல் வரைதான் வருவார். என் கிளிஞ்சலில்தான் இரண்டு பேரும் சாப்பிட்டோம். காப்பு கட்டினால் வேலை இல்லை. வேலை இல்லாவிட்டால் சோறு இல்லை. அதனால் மறைத்தேன். சேலையை உயர்த்திக் கட்டினேன். வாந்தியைக் கரிக்குவியலுக்குப் பின்னால் போய் எடுத்தேன்.

ஆனால் இந்தத் தடவை பிள்ளைக்காகக் கள்ளை நிறுத்த வேண்டும் என்று இருந்தது. அந்தப் பையன் சொன்னது உண்மை என்றே நம்பினேன். இப்போதும் நம்புகிறேன். நிறுத்த முடியவில்லை. ஏன் என்றால், மத்தியானம் ஒருத்தி மொந்தையை வாங்காவிட்டால் உடனே எல்லார் கண்ணும் அவள் வயிற்றுக்குப் போகும். முன்னால் என்றால் ஜுரம், வயிற்று வலி என்று சொல்லலாம். தீர்ப்புக்கு அப்புறம் குடிக்காத பெண் என்றால் கர்ப்பிணி. வேறு அர்த்தம் இல்லை.

குடிக்கக்கூடாது என்று போட்ட கட்டு என்னைக் குடிக்க வைத்தது.

முதல் சில நாள் குடித்தேன். மொந்தையைக் கவிழ்த்துக் காட்டினேன். ஒரு நாள் பாதி வெளியே சிந்திவிட்டது. பின்னால் நின்ற யக்கா பார்த்துவிட்டாள். கூடையைத் தூக்கிவிடும்போது காதருகில் கேட்டாள்.

"எத்தினி மாசம்?"

"இன்னாக்கா நீ."

"ஏண்டி, பொய்து விடிஞ்சா உன் வாந்திய நாந்தான் கரி போட்டு மூடறேன். என்கிட்டயே இன்னாக்காவா?"

அழுகை வந்தது. தலையில் கூடை இருக்கும்போது அழ முடியாது. கழுத்து ஆடினால் கூடை போய்விடும்.

"அய்வாத. நாளைலேந்து எம்முன்னால நில்லு. வாய்ல வெச்சாப்புல வெச்சி பின்னால தள்ளு. மீதிய நான் பாத்துக்கறேன்."

அப்படியே செய்தோம். நான் மொந்தையை உதட்டில் வைத்து எடுத்துப் பின்னால் தருவேன். அவள் மடக்கென்று குடித்துக் கவிழ்ப்பாள். அப்புறம் தன் பங்குக்கு மறுபடியும் நீட்டுவாள். ஊற்றுகிறவன் நிமிர்ந்து பார்க்க மாட்டான். கரி அப்பின கை எல்லாம் ஒரே கைதான்.

"எம்புருஷன் கூட எனக்கு இப்டி ஊத்திக் குடுத்தது கெடயாது. உம்புள்ள பொறந்தா எம்பேர வையி" என்பாள்.

சுருட்டு இன்னும் சுலபம். நெருப்பு உள்ளே இருக்கிறதா இல்லையா என்று வெளியே இருந்து யாருக்குத் தெரியும்? பற்ற வைக்காத சுருட்டைக் கடித்துக்கொண்டே நடந்தேன். ஆனால் கள்ளும் இல்லாத வயிறு மத்தியானத்துக்கு மேல் கத்தும். அப்போது பற்ற வைப்பேன். வைக்காத நாளும் உண்டு. வைத்த நாள்தான் அதிகம்.

வயிற்றில் அசைவு தெரிந்தது. முந்தின இரண்டும் இப்படி அசைந்ததில்லை. கூடையோடு ஏறும்போது உள்ளே உதைக்கும். இது தங்கும் என்று நினைத்தேன்.

ஒரு நாள் யக்கா இரண்டு மொந்தையோடு பலகை ஏறினாள். நடுவில் கால் தடுமாறியது. கூடையைக் கீழே விட்டுவிட்டு உட்கார்ந்து பலகையைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்சம் தள்ளியிருந்தால் விழுந்த அந்தப் பெண்ணின் இடத்திலேயே விழுந்திருப்பாள். இறங்கி வந்ததும் சிரித்தாள். உதடு வெளுத்திருந்தது.

"ஒண்ணும் இல்லடி. ஒரு ஆளு ரெண்டு ஆளு கள்ள குடிச்சா பலகையும் ரெண்டா தெரியுது. தப்புப் பலகைல கால வெச்சிட்டேன்."

மறுநாளிலிருந்து நான் அவளுக்குப் பின்னால் போய் நின்றேன். என் பங்கை நானே குடித்தேன். வேறு என்ன செய்ய?

வீட்டில் என் வீட்டுக்காரருக்கு எப்போதோ தெரிந்துவிட்டது. அவர் கேட்கவில்லை. சாயங்காலம் நான் வந்ததும் என் வாயை முகர்ந்து பார்ப்பது மாதிரி பக்கத்தில் வந்து உட்காருவார். அவர் மேலும் கள்ளு வாடை வரும். பழைய கூட்டாளிகள் பரிதாபப்பட்டு ஊற்றுவார்கள். இரண்டு வாடையும் சேர்ந்து அந்தக் குடிசையில் நிற்கும்.

ஒரு காலையில் நான் கிளம்பும்போது கூப்பிட்டார்.

"கைய நீட்டுமே."

"இன்னாத்துக்கு?"

"நீட்டேன்."

நீட்டினேன். மடியிலிருந்து பச்சை வேப்பங்குச்சியை எடுத்தார். தோல் சீவி வளைத்து வைத்திருந்தார். பூட்டிவிட்டார். கோலூன்றிக்கொண்டு நாட்டாமைக்காரர் வீடு வரை போய் வந்திருக்கிறார். எத்தனை இடத்தில் உட்கார்ந்து எழுந்து போனாரோ.

"சொல்ட்டியாயா?"

"சொல்ட்டேன். ரெண்டு போயிடிச்சி. இதாவது தங்கட்டும்மே."

"தங்கட்டும். நாம இன்னாத்த துன்றது?"

என் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தார். கோபம் வந்தது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்துத் திட்ட முடியவில்லை. அவருக்கும் அது பிள்ளைதான்.

அன்று வேலைக்குப் போனேன். கூடை கொட்டி இறங்கிக் கையை நீட்டினேன். மேஸ்திரி காப்பைப் பார்த்தார்.

"தாயீ, நீ வூட்டுக்குப் போ. நீ வுழுந்து தொலைச்சா எந்தலை உருளும்."

போனேன். நேராக நாட்டாமைக்காரர் வீட்டுக்குப் போனேன். சங்கத்துப் பையன்கள் இரண்டு பேர் அங்கே இருந்தார்கள்.

"கள்ள நிறுத்தினீங்க நைனா. நல்லது. மத்தியானத்துக்கு அதான் எனக்குச் சோறு. கஞ்சி யாரு ஊத்துவாங்க?"

நாட்டாமைக்காரர் பையன்களைப் பார்த்தார். முன்பு கூட்டத்தில் பேசின பையன் எழுந்து, தெருவே ஊற்றும் அக்கா என்றான். அவன் சொன்னபடி செய்தான். நாளுக்கு ஒரு வீட்டிலிருந்து கஞ்சி வந்தது. அவனே சட்டியைத் தூக்கிக்கொண்டு வருவான். உப்பு போதுமா என்று கேட்பான். அவன் அம்மா கூட அவ்வளவு கேட்டிருக்க மாட்டாள்.

அந்த நாட்களில் நான் கள்ளைத் தொடவில்லை. சுருட்டும் குறைந்தது. குழந்தை நன்றாக உதைத்தது.

அப்புறம் மழை பிடித்தது. கடல் கொந்தளித்தது. கப்பல்கள் வெளியே நின்றன, உள்ளே வரவில்லை. கிடங்கில் வேலை நின்றது. முதலில் ஒரு வீட்டில் அடுப்பு எரியவில்லை, அப்புறம் பக்கத்து வீட்டில், அப்புறம் தெரு முழுக்க. கஞ்சி நின்றது. பையன் ஒரு நாள் வெறுங்கையோடு வந்து வாசலில் நின்றான். உள்ளே வா என்றேன். வராமல் போய்விட்டான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். இல்லாததை எங்கிருந்து ஊற்றுவார்கள்?

குடிசைக்குள் தண்ணீர். கயிற்றுக் கட்டிலில் நானும் அவரும். சாப்பிட ஒன்றும் இல்லை. யக்கா கொடுத்த சுருட்டுகள் கூரைச் செருகலில் இருந்தன. எடுத்தேன். அவர் பார்த்துக்கொண்டிருந்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை. எனக்கு ஒன்று, அவருக்கு ஒன்று. அப்படியே மழை நிற்கிற வரை.

காப்பு கையில்தான் இருந்தது. காய்ந்து கறுத்திருந்தது. கை இளைத்துவிட்டதால் முழங்கை வரை ஏறி இறங்கியது.

எட்டாம் மாதம் வலி வந்துவிட்டது. யக்காவும் இன்னொருத்தியும் கைவண்டியில் வைத்து ஆஸ்பத்திரிக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். பெண் குழந்தை. என் உள்ளங்கையிலிருந்து முழங்கை வரைதான் இருந்தாள். ஆனால் அழுதாள். மெல்லிசாக, பூனைக்குட்டி மாதிரி. அதைக் கேட்டதும் யக்கா வராந்தாவில் உட்கார்ந்து அழுதாள்.

டாக்டரம்மா நல்லவர். குழந்தையைப் பஞ்சில் சுற்றித் தன் கையாலேயே அனல் பக்கத்தில் வைத்தார். அப்புறம் என்னிடம் வந்தார்.

"கள்ளு குடிப்பியாம்மா?"

"குடிச்சேன்."

"சுருட்டு?"

"புடிச்சேன்."

அப்புறம் போய்க் கையைக் கழுவினார். என்ன சாப்பிட்டாய் என்று கேட்டிருந்தால் அதற்கும் பதில் சொல்லியிருப்பேன். கேட்கவில்லை. எனக்கும் தானாகச் சொல்லத் தோன்றவில்லை.

வாயில் வைத்தேன். இந்தப் பிள்ளைக்குக் குடிக்கத் தெரிந்திருந்தது. இழுத்தாள். என்னிடம்தான் பால் இல்லை. சங்கில் பசும்பால் எடுத்து ஊற்றிப் பார்த்தார்கள். இரண்டு நாள் இறங்கியது. அப்புறம் இறங்கவில்லை.

துணியில் சுற்றிக்கொண்டு வந்தேன். அவர் வாசலிலேயே கோலோடு நின்றிருந்தார். என் கையைப் பார்த்துப் புரிந்துகொண்டார். கோலை விட்டுவிட்டார். கீழே உட்கார்ந்த மனுஷனை எங்களால் ரொம்ப நேரம் எழுப்ப முடியவில்லை.

காப்பை நாட்டாமைக்காரரே வந்து வெட்டி எடுத்தார். அடுத்த கூட்டத்தில் என்னை வைத்துத்தான் பேசினார். மறைத்துக் குடித்தாள், கட்டு போட்ட பிறகும் புகைத்தாள், பலன் என்ன என்று கேட்டார். நான் பின்னால்தான் நின்றிருந்தேன். அவர் சொன்னதில் பொய் இல்லை. நான் செய்ததைத்தான் சொன்னார். கஞ்சி கொண்டுவந்த பையன் மட்டும் எழுந்து ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவன் அப்பா இழுத்து உட்கார வைத்தார்.

இதெல்லாம் ஜெர்மன்காரனோடு நடந்த பெரிய சண்டை முடிந்து சில வருஷம் ஆனபோது நடந்தது. இப்போது கள்ளுக்கடை வாசலில் மறியல் நடக்கிறது. அந்தப் பையன் பெரியவனாகிவிட்டான். அவன் வைத்திருக்கிற பள்ளியில்தான் நான் எழுத்துக் கற்றுக்கொண்டேன். வயிற்றுப் பிள்ளைக்காரிகள் குடிக்கவும் புகைக்கவும் கூடாது என்று சர்க்கார் சட்டம் போடலாமா, நீங்கள் ஒரு வார்த்தை எழுதுங்கள் அக்கா என்று கேட்டான்.

போடட்டும். நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். கள்ளு பிள்ளைக்கு ஆகாது. புகையும் ஆகாது. ஆனால் என் பிள்ளையைக் கொன்றது எது என்று எனக்குத் தெரியாது. கள்ளா, புகையா, கரியா, மழையா? நாட்டாமைக்காரருக்குத் தெரிந்திருந்தது. டாக்டரம்மாவுக்கும் தெரிந்திருந்தது. எனக்குத்தான் தெரியவில்லை. சட்டம் போடுகிறவர்கள் மத்தியானச் சங்கு ஊதும்போது கிடங்கு வாசலுக்கு வரட்டும். கள்ளுப்பானை இருக்கிற இடத்தில் கஞ்சிப்பானையை வைக்கட்டும். மேஸ்திரி கையில் கிளிஞ்சல் கொடுத்து, இவளுக்குக் கூடை இல்லாமலே போடு என்று சொல்லட்டும். அப்புறம் என் மொந்தையைப் பிடுங்கட்டும். காப்பு மட்டும் வேண்டாம். கையில் எதையும் கட்ட வேண்டாம்.

குழந்தை போன பிறகு திரும்ப வேலைக்குப் போனதையும் எழுதிவிடுகிறேன்.

மேஸ்திரி கையைப் பார்த்தார். காப்பு இல்லை. கிளிஞ்சல் போட்டார். சில மாதம் அப்படியே போனது. ஒரு நாள் கூடையைத் தூக்கிவிடும்போது யக்கா நகரவில்லை. என் முகத்தையே பார்த்தாள்.

"இன்னாக்கா?"

"நாலு மாசம்டி. கெழவி ஆன காலத்துல எனக்கு வந்த பேஜார பாரேன்."

சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"நாட்டாமைகிட்ட சொல்லப்போறியா?" என்று அவளே கேட்டாள்.

அவள் புருஷன் ஓடிப்போய் மூன்று மாதம் ஆகியிருந்தது. வீட்டில் வேறு பிள்ளைகள் இருந்தார்கள். சொன்னால் காப்பு. சொல்லாவிட்டால் கள்ளு. இரண்டும் எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியும்.

அவள் பிள்ளை பிழைத்ததா என்று கேட்பீர்கள். பிழைத்தது. அதை வைத்து நான் எதுவும் சொல்ல முடியாது.

மத்தியானம் சங்கு ஊதியது. வரிசையில் நின்றோம்.

"எம்முன்னால நில்லுக்கா" என்றேன்.

நின்றாள். மொந்தையை உதட்டில் வைத்தாள். பின்னால் தள்ளினாள். நான் வாங்கிக் குடித்தேன். கவிழ்த்துக் காட்டினேன். அப்புறம் என் பங்குக்கு மறுபடியும் கையை நீட்டினேன்.